டைல்ஸ் ஃபேக்டரியில் இத்தாலிய அவல நாடகம்

வளைகுடாவில் இலக்கிய வாத்தியாராகப் பிழைக்க வேண்டுமென்றால், மாணவனுக்கு டூட்டி மாறினால் நமக்கு வகுப்பும் மாறும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ராஸ் அல் கைமாவில் தபால்வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கும் நம்மவர்களுக்கு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்யூஷன் எடுக்கிறேன். மற்ற தாள்களில் எப்படியாவது கரையேற்றிவிடலாம். ஒப்பிலக்கியத் தாளில் ‘தற்கால இத்தாலியச் செய்யுள் அவல நாடகங்களும் பண்பாட்டுப் பின்புலமும்’ என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். என்னோடு அவதிப்படும் சக வாத்தியார்களே, அதை வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்!

பிரபு விடவில்லை

என் மாணவர் சிக்கந்தர் பாய் கீழக்கரைக்காரர், இங்கே மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஒரு நாடகத்தில் நாயகன் தன் நிலப்பிரபுவின் ஊரைவிட்டுப் போகிறேன், போகிறேன் என்று மூன்று அங்கம் புலம்பிவிட்டு, போகாமலே செத்துப்போகிறான். தடுப்பது விதியா, மனசாட்சியா, நிலவுடைமையின் எச்சமா என்று ஒரு மணி நேரம் தொண்டை வறள விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இதுல என்ன வாத்தியாரே குழப்பம்? விசா கொடுத்த கஃபீல் விடமாட்டேங்குறான், அவன் எப்படிப் போவான்?”

கள ஆய்வு

புதுக்கோட்டை செல்வராஜுக்கு டைல்ஸ் ஃபேக்டரியில் சூளைப் பக்கம் வேலை. பட்டம் வாங்கினால் ஆபீஸ் பக்கம் மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இந்தத் தாளில் மட்டும் இரண்டு தடவை அரியர். மூன்றாவதும் போனால் சேர்க்கையே ரத்து.

மெஷின் பழுதுபார்க்க வந்த இத்தாலிக்காரரிடம் போய், உங்கள் நாட்டு அவல நாடகங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவர், “ஸ்கூல்ல படிச்சது. ஞாபகம் மாஃபி. யல்லா, மெஷின்!” என்று இங்கே பழகிய அரபியைக் கலந்து கைவிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பினாராம். செல்வராஜ் அதை நான் கொடுத்த பயிற்சிக் கட்டுரையில் அப்படியே எழுதி, ‘ஆதாரம்: இத்தாலியர், இரண்டாம் நம்பர் சூளை’ என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அவருக்கோ என்மேல் கோபம். “நோட்ஸ் போட்டவரு இத்தாலியப் பார்த்திருப்பாரா சார்? இவரு அங்கேயே பொறந்தவரு!”

வைவா

கடைசி வாய்ப்பு, வீடியோவில் வாய்மொழித் தேர்வு. செல்வராஜ் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு என் ரூமுக்கு வந்து உட்கார்ந்தார். நவீன காலத்திலும் இந்த நாடகங்கள் ஏன் உரைநடையில் இல்லாமல் செய்யுளில் எழுதப்பட்டன என்று தேர்வாளர் அம்மையார் கேட்டார். இதே கேள்விக்குப் பத்து வரி மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். அவருக்கு முதல் வரியே வரவில்லை. இந்த மனிதன் இன்னும் எத்தனை வருடம் அந்தச் சூட்டில் நிற்பான்?

செல்வராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒப்பாரிய யாராச்சும் வசனமா சொல்லுவாங்களா மேடம்? தாங்க முடியாதத சும்மா பேசிட முடியாதுங்க. பாட்டாத்தான் வரும்.”

எதிர்முனையில் அம்மையார் சிரித்தார். “பாஸ். இது எந்த நோட்ஸ்லயும் இல்லையே, யார் சொல்லிக்கொடுத்தா?” நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கேமரா பக்கம் நகர்ந்தேன். செல்வராஜ் பொய் பேசாதவர்.

“எழவு வீட்டுல கத்துக்கிட்டது மேடம்.”

பாடம் நடத்தியது நான், பாஸானது அவர், கற்றுக்கொண்டது யார் என்று மட்டும் தயவுசெய்து என்னை யாரும் வைவா கேட்காதீர்கள்.