என் குரலில் யாரோ "இருக்கேன்" என்றார்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் ஈப்போ நகரத்தில், நல்ல வெயிலடிக்கும் ஒரு காலை வேளையில் நடந்தது இது. பேய், பிசாசெல்லாம் இருட்டில்தான் வரும் என்று சொல்பவர்களைக் கண்டால் அன்றிலிருந்து எனக்குச் சிரிப்பு வரும்.

எனக்கு ஊர் ஸ்ரீரங்கம். திருச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை. சாயங்காலங்களில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறேன். மலேசியத் தமிழர்கள் அழைத்ததால் அங்கே நான்கைந்து ஊர்களில் நாடகம் போடக் கிளம்பினோம். மற்றவர்களுக்கு வெளிநாடு பார்க்கும் ஆசை. எனக்கோ சற்றுத் தனியாக இருக்க வேண்டும் என்ற ஆசை. எங்கள் வீட்டில் குளியலறைக்குள் போனால்கூட யாராவது கதவைத் தட்டி, கடுகு டப்பா எங்கே என்று கேட்பார்கள்.

குழுவோடு போனால் தனிமை எங்கே கிடைக்கும்? சாப்பாடு, தூக்கம், கடைவீதி எல்லாம் ஒன்றாகத்தான். வேனில் ஏறினால் பாட்டுக்குப் பாட்டு. இரண்டாம் நாளே எனக்குப் பொறுக்கவில்லை. "வேன்ல கடைசி சீட் எனக்கு. சால்வையைப் போத்திண்டு படுத்திருந்தேன்னா யாரும் எழுப்பப்படாது" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். பாவம், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

நாடகத்தில் என் வேஷத்தைச் சொல்ல வேண்டும். நான் செத்துப்போன மூத்த தாரம். கடைசிக் காட்சி வரைக்கும் மேடைக்கு வரமாட்டேன், திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்தான். நடுவில் என் ஆவி இளைய தாரத்தின் மேல் வந்து இறங்கும். அப்போது அவள் என் குரலிலேயே பேச வேண்டும். அதற்காக அந்தப் பெண் மாதக்கணக்கில் என்னோடு உட்கார்ந்து, என் குரலை அப்படியே பிடித்திருந்தாள்.

எங்கள் மேனேஜர் வண்டி எடுக்கும் முன் ஆள் சரிபார்ப்பது வேஷப் பெயரைச் சொல்லித்தான். "மாமனார்?" என்பார். "இருக்கேன்" என்று பதில் வரும். சுற்றுப்பயணம் முடியும்வரை வேஷம் மனசில் நிற்க வேண்டும் என்பது குழுவின் பழக்கம்.

அன்று காலை பினாங்குக்குக் கிளம்ப, சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பையையும் சால்வையையும் கடைசி சீட்டில் போட்டு, கைபேசியைச் சார்ஜில் வைத்துவிட்டு, நாடகம் நடந்த அரங்கத்துக்குள் போய் உட்கார்ந்தேன். காலி நாற்காலிகள், பாதி இருட்டு, ஒரு சத்தமில்லை. எத்தனையோ வருடம் கழித்து எனக்குக் கிடைத்த நிம்மதி அது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே மேனேஜர் கூப்பிடுவது கேட்டது. "மாமனார்?" "இருக்கேன்." "இளையவ?" "இருக்கேன்." எழுந்து போகலாம் என்று நாற்காலியைப் பிடித்தேன்.

"மூத்தவ?"

"இருக்கேன்."

அது என் குரல். என் இழுப்பு, என் லேசான கரகரப்பு எல்லாம் அப்படியே இருந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. நான் இங்கே இருக்கிறேனா, அங்கே இருக்கிறேனா என்றே ஒரு கணம் புரியவில்லை. சுதாரித்துக்கொண்டு ஓடினால், உள்ளே ஆளில்லை என்று நினைத்து வாசல் கதவை யாரோ வெளியே பூட்டியிருந்தார்கள். ஒப்பனை அறை வழியாகப் பின்பக்கம் இறங்கிச் சுற்றி வருவதற்குள் வேன் போய்விட்டது.

பாஸ்போர்ட் மேனேஜரிடம். கைபேசி வேனில். எதிரே மளிகைக் கடை வைத்திருந்த தமிழ்க்காரம்மா என் முகத்தைப் பார்த்ததுமே நாற்காலி போட்டார். "பேசுங்க லா, பயப்படாதீங்க" என்று அந்த ஊர்ப் பேச்சில் சொல்லித் தன் போனைக் கொடுத்தார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் கணவர் எண் ஒன்றுதான். விஷயத்தைச் சொன்னேன். "இரு, மேனேஜரைக் கேக்கறேன்" என்று வைத்தார்.

திரும்பக் கூப்பிட்டபோது அவர் குரல் மாறியிருந்தது.

"யாரு நீங்க?"

"என்ன இது? நான்தான்னா!"

"என் ஆத்துக்காரி வேன்ல பின்சீட்ல தூங்கிண்டிருக்கா. மேனேஜர் இப்பத்தான் பார்த்துட்டுச் சொன்னார். கிளம்பறச்சே குரல்கூட கொடுத்தாளாம். குரலைக் காப்பியடிச்சு ஏமாத்தற கும்பலைப் பத்தி பேப்பர்ல வந்துண்டுதான் இருக்கு."

எத்தனையோ வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவர், என்னை "நீங்க" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அழறதுகூட அவளாட்டமேதான் இருக்கு" என்றார் மனுஷர், பயந்துபோய். நான் வேனில் இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை என்று சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். கடையில் தொங்கிய சின்னக் கண்ணாடியில் என் முகம் தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

பிறகு சொன்னேன்: "என்னை நம்ப வேண்டாம். பின்சீட்ல படுத்திருக்கறவளைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. அது போறும்."

போன் கட்டானது. கடைக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அந்தச் சூடு இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

மறுபடி மணி அடித்தது. "நீதானாடி?" என்றார் என் கணவர்.

தொட்டுப் பார்த்தது இளைய தாரமாக நடித்த பெண். சால்வை பையின் மேல் பொதுக்கென்று அமுங்கியதும் அவள் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டாராம். திரும்பி வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தூங்குறீங்கன்னு நெனைச்சேன்க்கா. எழுப்பினா கோச்சுப்பீங்களேன்னு நான்தான் உங்க குரல்ல 'இருக்கேன்'னு சொன்னேன்." குழுவே சுற்றி நின்று, ஒவ்வொருவராக என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரைத் திட்டுவது? நான் கேட்ட தனிமையைத்தான் அவர்கள் காப்பாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

இப்போதும் எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கும். கொள்ளிடக் கரையில் தனியாகத்தான் நடக்கிறேன். ஆனால் கிளம்பும்போது யாராவது ஒருவர் முகத்தை நேராகப் பார்த்து, போயிட்டு வரேன் என்று சொல்லாமல் படியிறங்குவதில்லை. நான் இல்லாதது ஒருவருக்காவது தெரிந்தால்தான் அது தனிமை, யாருக்குமே தெரியாவிட்டால் அது சாவுதான் என்று அந்தக் காலை எனக்குக் காட்டிவிட்டது.