ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கே ஆறு மாதம் கழித்துத்தான் இதைச் சொல்ல வாய் வந்தது. பேய் ராத்திரிதான் வரும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது.

சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. ஜெயித்தால் கோப்பை எனக்கு. டிரா ஆனால், எதிரே இருந்த பல் டாக்டருக்கு. "இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தீங்கன்னா போர்டைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

எனக்குக் கறுப்புக் காய்கள். எல்லாம் தேய்ந்த மரம். ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய் மட்டும் புதுசாகப் பளபளத்தது. பழையது தொலைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் குதிரையை வெளியே எடுத்தார். நானும் எடுத்தேன். உடனே அதை வீட்டுக்கே திருப்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. காய்கள் ஒரே நிலையில் மூன்று முறை நின்றால் டிரா; தொடக்க நிலையும் கணக்கில் சேரும். மனிதர் ஆட்டத்தைத் தொடங்காமலே முடிக்கப் பார்க்கிறார். விடுவேனா? அந்தப் புதுச் சிப்பாயைத் தள்ளக் கையை நீட்டினேன்.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

பார்த்தேன். யாரும் இல்லை. என் விரல்கள் குதிரை மேல் இருந்தன. தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். அது வீட்டுக்குப் போனது... நான் கொண்டுபோகவில்லை.

டக். டாக்டர் கடிகாரத்தை அமுக்கினார். மறுபடி அவர் குதிரை வெளியே. சிப்பாயை நோக்கிப் போன என் கை, மறுபடி குதிரையைத்தான் எடுத்தது.

டக். அவர் குதிரை வீட்டுக்கு.

மேசைக்கு அடியில் இடது கையை இறுக்கி மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்து வலது கையை நீட்டினேன்.

காதருகில் மூச்சு...

"வேணாம்."

என் குதிரை வீட்டுக்குப் போனது.

டிரா.

"என்ன சார், பயந்துட்டீங்களா?" என்று டாக்டர் சிரித்தார். நடுவர் சிரிக்கவில்லை. வாசல்வரை என்னோடு வந்தார்.

"போன வருஷமும் இதே மேசைதான் சார். இதே குதிரை ஆட்டம். உங்க இடத்துல உட்கார்ந்தவருக்கும் ஜெயிச்சே ஆகணும். டிரா ஆகக் கூடாதுன்னு ராஜாவுக்கு முன்னால நின்ன சிப்பாயைத் தூக்கினார். கீழ வைக்கல... அப்படியே சாஞ்சுட்டார். விரலைப் பிரிக்கவே முடியல. சிப்பாயோடவே எரிச்சாங்க."

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். "என்ன, வெறுங்கைதானா?"

அப்போதுதான் கவனித்தேன். மரத்துப்போன என் இடது கை இன்னும் மூடியே இருந்தது.

ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்தாள்.

உள்ளே ஒரு கறுப்புச் சிப்பாய். தேய்ந்த மரம். அடிப்பக்கம் கரிந்திருந்தது.

எடுத்தவள் கையை உதறினாள்.

"ஐயோ... சுடுது!"