யஜமானர் இல்லாத பட்டறை

தச்சு வேலை பொறுமையைக் கற்றுக்கொடுக்கும் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பொறுமை மரத்துக்குக் கொஞ்சம்தான் செலவாகிறது, மீதியெல்லாம் சாமான் செய்யச் சொல்லி வருகிறவர்களிடம் போய்விடுகிறது. வீட்டோடு ஏதாவது தொழில் பார்க்கிற பெண்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். தையலோ, ஊறுகாயோ, டியூஷனோ, நீங்கள் எல்லாம் நம்ம ஆட்கள்தான்.

மைசூரில் நான் வேலை பார்த்த கார்மெண்ட்ஸ் மூடியபோது, மாதாமாதம் வருகிற ஒரு வீடியோ இதழுக்குச் சந்தா கட்டித் தச்சு வேலை கற்றேன். நரைத்த தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் அதில் பாடம் நடத்துவார். அவர் பேசுகிற இங்கிலீஷ் பாதி புரியும், கை செய்வது முழுக்கப் புரியும். அவருடைய பட்டறை எங்கள் வீட்டைவிடப் பெரிது. என் பட்டறை, வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற தகர ஷெட். அதை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்பது என்னைக் கட்டிய வீட்டுக்காரரின் எண்ணம். தசராவுக்குள் தொழில் பிடித்துக்கொண்டால் ஷெட் எனக்கு, இல்லாவிட்டால் ஜெராக்ஸ் மெஷினுக்கு என்று பேச்சு. கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டு ஜென்மத்துக்கும் போதும், இனிமேல் என் வேலைக்கு நான்தான் முதலாளி என்று வைராக்கியமாக இருந்தேன்.

எஸ்டேட் ஓக்

முதல் இதழில் ஸ்டூல். ஓக் மரத்தில் செய்யுங்கள், பேரன் காலத்துக்கும் கிடக்கும் என்றார் தாடிக்காரர். நானும் மரக்கடைக்குப் போய் "ஓக் இருக்குங்களா?" என்று கேட்டேன். தாராளமாக இருந்தது. குடகில் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கிறார்களே, அந்த சில்வர் ஓக். வீடியோவில் வந்த ஓக்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எனக்கு யார் சொல்வார்கள்?

ஆசை ஆசையாக இழைத்துக் கால் பூட்டினேன். மாதம் முடிவதற்குள் நாலு காலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டன. பலகையில் ஈரமே காயவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரர் சேலத்துப் பக்கத்து மனுஷர். ஸ்டூலை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தக்காளிப் பெட்டி அடிக்கிற மரம்மா. மேஸ்திரியை அனுப்பிச்சிருந்தா நல்லதா எடுத்துக் குடுத்திருப்பேன்."

குக்கரும் கிளாம்ப்தான்

பசை போட்ட பலகையைக் காயும்வரை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் வேண்டும். தாடிக்காரருக்குச் சுவர் முழுக்கக் கிளாம்ப்தான். இத்தனை இருந்தும் போதவில்லை என்று சிரிப்பார். என்னிடம் இருந்தது ஒரே ஜோடி. அதனால் அரிசி மூட்டை, கிரைண்டர் கல், தண்ணீர் நிரப்பிய குக்கர் எல்லாவற்றையும் பலகைமேல் ஏற்றினேன்.

பலகை இம்மியும் அசையவில்லை. முதல்முதலாக ஒரு வேலை சுத்தமாக வந்திருக்கிற சந்தோஷம் எனக்கு. ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து, "இந்த ஜாயின்ட்டைத் தடவிப் பாருங்க, முடிகூட நுழையாது" என்றேன். அவர் ஜாயின்ட்டைப் பார்க்கவில்லை. குக்கரைப் பார்த்தார். "அப்ப இன்னைக்கு சோத்துக்கு என்ன பண்றது?"

யஜமான்ரு

முதல் ஆர்டர் பக்கத்துத் தெருவில் இருந்து வந்தது. ரிட்டயர் ஆன அதிகாரி, செருப்பு ஸ்டாண்டு கேட்டு வந்தார். என் தலையெல்லாம் மரத்தூள், காதில் பென்சில், கையில் ரம்பம். என்னைப் பார்த்து, "யஜமான்ரு இல்வா?" என்றார். வீட்டுக்காரர் இல்லையா என்று கேட்கிறார். நான்தான் சார் செய்கிறேன் என்று கன்னடத்திலேயே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

வீட்டுக்காரர் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்ததும் நீளம், அகலம், உயரம் எல்லாம் அவரிடம் ஒப்பிக்கப்பட்டது. காலண்டர் மாட்ட ஆணி அடித்தாலே சுவரைப் பெயர்த்துவிடுகிற மனுஷர், துண்டோடு நின்று தலையாட்டினார். பின்னால் நின்று அளவை எல்லாம் ஒரு பலகையில் குறித்துக்கொண்டவள் நான். ஸ்டாண்டு வாங்க வந்த அன்றைக்கு அதிகாரி விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு விம்மியது. பிறகு அவர் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலையைப் பாராட்டிக் கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்: "கெலசம் ரொம்ப சுத்தம் சார். உங்க மிஸஸ்கூட மரத்தூள் எல்லாம் பெருக்கி ஹெல்ப் மாடுறாங்க போல."

பசை

தசராவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சரஸ்வதிபுரத்திலிருந்து ஒரு மாமி வந்தார். மேல்கோட்டைப் பூர்வீகம், பெரிய குடும்பம். வீட்டில் பெருமாளை ஏளப்பண்ணி, அதாவது எழுந்தருளச் செய்து, வைக்கிற மரக்கோயிலைக் கோயிலாழ்வார் என்பார்கள், அது புதிதாக ஒன்று வேண்டும் என்றார். நவராத்திரிக்கு வருகிற உறவுக்காரர்கள் பார்த்தால் ஆளுக்கொன்று கேட்பார்கள் என்றும் சொன்னார். ஷெட் பிழைத்தது என்று நினைத்தேன். தேக்கு வாங்கி, உயிரைக் கொடுத்துச் செய்தேன். பரம்பரையாக நிற்க வேண்டிய சாமானுக்கு அந்தக் காலத்துப் பசைதான் சரி என்று அந்த மாத இதழில் வந்திருந்தது. வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்லி, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் காய்ச்சி, சூடாகத் தடவி ஒட்டினேன்.

அடுத்த மாத இதழில் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில். அந்தப் பசை எதில் செய்வது என்று யாரோ கேட்டிருந்தார்கள். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது என்று தாடிக்காரர் வெகு சாதாரணமாகச் சொன்னார். கோயிலாழ்வார் முடிந்து பாலிஷ் போட்டு நிற்கிறது. இதை முந்தின மாதமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொல்லாமல் கொடுக்க மனசு வரவில்லை. மாமி எடுத்துப்போக வந்ததும் உள்ளதைச் சொன்னேன், பிரித்து வேறு பசையில் ஒட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன். தொட்டுக்கொண்டிருந்த கையை மாமி வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "இதுல எப்படிம்மா நான் பெருமாளை ஏளப்பண்றது?"

வச்சிரம்

பேச்சுச் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வெளியே வந்தார். பசை வாங்கியவர் அவர் என்பதால் கடையில் சொன்ன பெயர் தெரியும். அது எதில் செய்தது என்பது அவருக்கும் தெரியாது. "வச்சிரம்தாங்க மாமி. ஆசாரிங்க எல்லாம் காலங்காலமா அதுலதான் ஒட்டறாங்க" என்றார்.

மாமியின் முகம் தெளிந்துவிட்டது. அவர்கள் வீட்டுப் பழைய கோயிலாழ்வாரும் வச்சிரத்தில் ஒட்டினதுதானாம், மாமனார் காலத்தில் மேல்கோட்டை ஆசாரி செய்ததாம். வச்சிரம் என்றாலும் நான் சொன்ன அதே மாட்டுத்தோல் பசைதான் மாமி என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஷெட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மாமி நல்ல நேரம் பார்த்துச் சாமானை ஆட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "உங்காத்துக்காரர் சொன்னப்புறம்தான் மனசு சமாதானமாச்சு. கண்ட வீடியோவைப் பார்த்துட்டு நீ ஏம்மா பயமுறுத்தறே?"

பட்டறை நிலைத்தது

நவராத்திரி முடிந்ததும் மாமியின் உறவுக்காரர்கள் சொன்னபடியே வந்தார்கள். எல்லோரும் கேட்டது என் வீட்டுக்காரரை. ஜெராக்ஸ் கடைக்காரரை அவரே திருப்பி அனுப்பிவிட்டார். ஷெட் எனக்கு என்று ஆகிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டதே என்று நானும் நாலு நாள் மகிழ்ச்சியாக இருந்து பார்த்தேன்.

பிறகு அவர் ஃபேக்டரி வேலையை விட்டார். ஷெட் வாசலில் மேஜையும் சுழல்நாற்காலியும் வந்தன. என் வேலை மேடையைப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குத் தள்ளினார். வெளிச்சம் பத்தாது, உளி கையில் பட்டுவிடும் என்றேன். ட்யூப்லைட் போட்டுத் தருவதாகச் சொன்னார். வருகிறவர்களிடம் அளவு கேட்கிறபோதாவது நான் பக்கத்தில் இருக்கிறேனே என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. நல்லது சொல்கிற குரலில்தான் சொன்னார்: "நீ உள்ள இருந்து செய்யி மதி, வர்றவங்ககிட்ட நான் பேசிக்கறேன். உனக்குத்தான் பேசத் தெரியலையே."

வீட்டிலிருந்தபடியே தச்சு வேலை கற்றுக்கொள்ளலாம் என்று அந்த இதழின் விளம்பரம் சொன்னது அத்தனையும் நிஜம், கற்றுக்கொண்ட பிறகும் வீட்டுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் போடவில்லை.