தாய்க்கு ஒரு கட்டு

பிள்ளைகளா, உங்களுக்கு முன்னால் உங்கள் அம்மா ஒருத்தியைப் பெற்றாள். நர்சம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் பிள்ளையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் வீட்டுத் தரையில் தடுப்பூசிச் சீட்டுகளைப் பரப்பி வைத்து, தறிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த கழிவு நூலால், தாய்க்கு ஒரு கட்டாக நர்சம்மா கட்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்பதுகளின் கடைசி அது. முன்பெல்லாம் சீட்டுகள் ஊர்வாரியாக, பிள்ளையின் பெயர்வாரியாகத்தான் கிடந்தன.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். பாளையம்பட்டிப் பக்கம் பிறந்தவளுக்கு அங்கே 'செல்வி' என்று சீட்டுப் போட்டார்கள். பரளச்சி தாண்டி நம் ஊருக்கு வந்ததும் என் அம்மாவின் பெயரை வைத்தோம், காளியம்மாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? உங்கள் அம்மா செல்வி என்றே கூப்பிட்டாள்.

"ஆளுக்கொரு பேரு வைக்கிறீக. ஊசி குத்தத் தொடை ரெண்டுதானப்பா இருக்கு!" என்று நர்சம்மா ஊரில் எல்லோரையுமே கேலி பேசுவார்.

'செல்வி, தகப்பன் ஊருக்குப் போய்விட்டாள்' என்று அங்கே சீட்டில் எழுதியிருந்தது. ஆடிக்கு அழைத்துப் போயிருந்த நேரத்தில் இங்கே, 'காளியம்மாள், தாய்வீட்டில்' என்று குறித்திருந்தது. மணல்வாரி அம்மைக்கு ஊசி போடவேண்டிய மாதம் இரண்டு ஊருக்கும் நடுவில் கழிந்துபோனது.

இப்படி நழுவும் பிள்ளைகளைப் பிடிக்கத்தான் நர்சம்மா மற்ற ஊர்ச் சீட்டுகளையும் வாங்கி, எல்லாவற்றையும் தாய் பெயரில் அடுக்கத் தொடங்கினார். அடுக்கும்போது உங்கள் அம்மா பெயரில் இரண்டு பிள்ளைகள் வந்தன. பெற்றதோ ஒன்று. ஊசி மருந்து ஐஸ் பெட்டியோடு அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். என் அம்மா அதற்குள் வாசலில் வேப்பிலை செருகியிருந்தாள்.

"எப்ப இருந்து தாயி உடம்பு காயுது?" என்று கேட்டபடி பிள்ளையின் முதுகைத் தடவியவர், பெட்டியைத் திறக்கவே இல்லை. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூச்சு முட்டியே போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகுதான் நர்சம்மா அந்தச் சீட்டுகளோடு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"போன பிள்ளைக சீட்டைத் தனியா எடுத்துரச் சொல்றாக. எனக்கு மனசு வரல. எந்தப் பேரை எழுதட்டும், எதுல வைக்கட்டும்?"

உங்கள் அம்மா தன் மாமியாரைப் பார்த்தாள். என் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவ கூப்புட்ட பேரையே எழுதுங்க நர்சம்மா. அந்தப் பேருக்குத்தான் பிள்ளை திரும்பிப் பாக்கும்."

"என் பேறுகாலச் சீட்டுக்கு அடியிலயே வைங்க" என்றாள் உங்கள் அம்மா.

பின்னால் நீங்கள் பிறந்தபோது உங்கள் சீட்டுகளும் அந்தக் கட்டில்தான் சேர்ந்தன. ஓர் ஊசியும் தவறவில்லை. உங்கள் கைத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் வருகிறது, அவள் ஞாபகமும் வருகிறது.

அந்தக் கட்டைக் கட்டிய அன்று நர்சம்மாவை பஸ் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. கரிசல் காட்டோரம் பிள்ளையைப் புதைத்த இடத்துக்குப் போனேன். நாய் தோண்டாமல் இருக்க மேலே போட்டிருந்த உடைமரத்து முள் காற்றில் விலகிக் கிடந்தது. ஒவ்வொரு கொப்பாக எடுத்துச் சரியாக வைத்தேன்.