லொறி எண்ணெய் ஊற்றிய கார்

பிள்ளைகளே, நேரில் சொல்ல வாய் வராததால் நீங்கள் வாசிக்கும் இந்தப் பத்திரிகைக்கே எழுதுகிறேன்.

நமது சிறிய டீசல் காருக்கு இஞ்சின் எண்ணெய் மாற்றிய அன்று, மூத்தவளே, நீ காரோடு வந்த புத்தகத்தைக் கொண்டுவந்தாய்.

"அப்பா, இதுக்கு 5W-30 சிந்தெடிக் ஒயில்தான் ஊத்தணுமாம்."

"புத்தகம் எழுதினவனுக்கு நம்ம ஸ்பிரிங்வெளி மலை ஏத்தம் தெரியுமா? தடிச்ச எண்ணெய்தான் தாங்கும்" என்று சிரித்தேன். தோட்டத்து லொறிக்கு ஊற்றும் எண்ணெயையே ஊற்றினேன்.

குளிர் காலைகளில் அந்தத் தடித்த எண்ணெய் இஞ்சினின் மேல்பாகம் வரை போய்ச் சேருமுன்பே ஏற்றத்தில் முடுக்குவேன். உள்ளே, இஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ எண்ணெய் போதாமல் தேய்ந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியவில்லை. உன் உயர்தரப் பரீட்சையன்று, பாதி வழியில் கார் புகை கக்கி நின்றது. நீ இறங்கி ஓடினாய். பிந்திப்போனதால் மண்டபத்துக்குள் விடவில்லை. உன் ஒரு வருடம் வீணானது.

"புத்தகத்த பார்க்கலியாங்க?" என்றார் மெக்கானிக்.

"மக பார்த்துச் சொன்னுச்சுங்க" என்றேன்.

அதன்பின் நீ நம் காரில் ஏறவில்லை. இப்போது பஸ்ஸில்தான் போகிறாய்.

இனிப் புத்தகத்தில் உள்ள எண்ணெயைத் தவிர வேறெதுவும் ஊற்றமாட்டேன். நேற்று தனியாகக் காரில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். எனக்காக நீ பென்சிலால் கோடு போட்டிருந்தாய். அதன் மேல் பேனையால் அழுத்திக் கோடு போட்டேன்.