பிலிப் அங்கிளின் முதல் பாதி

உலகத்திலேயே கால்பந்து ஆட்டத்தை நடுவில் நறுக்கி முதல் துண்டை மட்டும் சாப்பிடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஜெர்சி சிட்டி நியூபோர்ட்டில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் பிலிப் அங்கிள். அவர் போனைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் இங்கிலாந்தில் நடுவர் இடைவேளை விசில் ஊதுவார். இரண்டாம் பாதி என்று ஒன்று நடப்பதே, போனால் போகட்டும் என்று அங்கிள் விட்டுக்கொடுத்ததால்தான்.

நேரில் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. முன்வழுக்கை, சின்னத் தொப்பை, பாங்கில் கான்ட்ராக்ட் வேலை. லண்டன் ஆபீசும் நியூயார்க் ஆபீசும் ஒன்றுக்கொன்று அனுப்பும் கணக்குகள் கம்ப்யூட்டரில் சரியான நேரத்துக்குக் கிளம்புகின்றனவா என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு சின்ன சபலம்: இங்கிலாந்து ஆட்டத்தின் மேல், போனிலேயே பணம் கட்டி ஒரு பெட். பிரியாணி விலையைத் தாண்டாது.

போன டிசம்பர் வரை முழு ஆட்டத்துக்குத்தான் கட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூறு நிமிடம் முடிந்தால்தான் முடிவு. அன்றைக்கு கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம். மகள் ஜோவானாவுக்கு இறக்கை கட்டிய சம்மனசு வேஷம், ஒரே ஒரு வசனம். ஆட்டமோ கடைசி நிமிடத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. அங்கிளின் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போயிற்று. கோல் விழுந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். சம்மனசு வசனத்தைச் சொல்லி முடித்து, மேடையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது ஜோவானா சொன்னாள்: "யூ மிஸ்டு இட், அப்பா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சும்மா தகவல் மாதிரி. அதுதான் அவரை அடித்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. ஆளாளுக்கு எதையாவது விட வேண்டும். அங்கிளின் மனைவி கிருபாராணி ஆன்ட்டி காபியை விட்டார்.

"நீங்க என்னத்த விடப்போறீங்க?"

"இரண்டாம் பாதிய விட்டுட்டேன்."

"போன்ல இருக்கிற அந்த பெட் ஆப்பையே விடச் சொன்னா, பாதிய விடுறாராம்! உபவாசத்துல பாதி வயித்துக்குச் சாப்பிடுற மாதிரி."

ஆனால் அங்கிள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார். ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கும். முதல் பாதி பெட் என்றால் இடைவேளை ஸ்கோரோடு கதை முடிந்தது. போனை அணைத்துவிட்டுப் பத்து மணி பூசைக்கு நல்ல பிள்ளையாகப் போய் உட்காரலாம்.

அடுத்த வீட்டு காலேப் இதைக் கேட்டுச் சிரித்தான். நாகர்கோவிலில் ஐந்தாவதோடு தமிழை விட்டுவிட்டு இங்கே வந்து, இப்போது ஹைஸ்கூலையும் பாதி பாதியாகப் படித்துக்கொண்டிருப்பவன்.

"அங்கிள், முதல் பாதியில பாதி மேட்ச் டிராவுல நிக்கும். பெரிய டீம் மெதுவாத்தான் ஜெயிக்கும். ஃபுல் மேட்ச்தான் புத்திசாலித்தனம்."

"அது சரிதாண்டா. முதல் பாதியில கோச் போட்ட பிளான் தெரியும். அப்புறம் ஆள மாத்துவான், சிவப்பு அட்டை வரும், எவனாவது கால் வழுக்குவான். முழுசா உக்காந்து பாக்கிறவனுக்குத்தான் நியாயம் கிடைக்கும். எனக்குத் தெரியாதா?" என்றவர், கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "ஆனா முழுசா உக்கார்றதுக்கு எனக்கு வேற இடம் இருக்கு."

இரண்டு வாரம் ஏற்பாடு கச்சிதமாக ஓடியது. மூன்றாவது ஞாயிறு ஜோவானா பூசையில் பதிலுரைப் பாடல் பாட வேண்டும், மூன்று சரணமும் தனியாக. "ஹோல் திங் பாப்பியா?" என்று கேட்டாள். "முழுசா," என்றார். சனிக்கிழமையே வழக்கம்போல முதல் பாதிக்குக் கட்டிவிட்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டிவியைப் போட்டால், கோட் போட்ட மூன்று பேர் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆட்டத்தைக் காணோம்.

அன்றைக்குத்தான் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள். இங்கிலாந்தில் மாதக் கடைசியில்தான் தள்ளுவார்கள். அதுவரை அங்கே தொடங்கும் ஆட்டம் இங்கே ஒரு மணி நேரம் தள்ளித் தெரியும். அதாவது பத்து மணிக்கு, சரியாகப் பூசை நேரத்துக்கு.

"வெள்ளிக்கிழமை லண்டன் டீம் மொத்தத்துக்கும் இதப்பத்தி மெயில் போட்டவரு யாருங்க?" என்றார் ஆன்ட்டி.

"நாந்தான்," என்றார் அங்கிள், டிவியைப் பார்த்தபடி.

கோயிலில் ஆன்ட்டி பாடகர் குழுவோடு போய்விட்டார். அங்கிளுக்குப் பக்கத்தில் காலேப். போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டாலும் கை சும்மா இருக்காது என்று அவருக்கே தெரியும். டிசம்பரிலும் அணைத்துத்தான் வைத்திருந்தார்.

"டேய், இத நீ வச்சுக்கோ. நான் கேட்டாலும் தராத."

"கெஞ்சினா?"

"கெஞ்சினாலும்."

ஜோவானா மைக் முன்னால் வந்து நின்றாள். மைக் உயரம். யாரோ வந்து இறக்கினார்கள். முதல் சரணத்தில் குரல் நடுங்கியது. காலேப் ஸ்கோரையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் சரணத்தில் அங்கிள் காதருகே குனிந்து, "அங்கிள், கோல்!" என்றான். "உங்க டீம்!"

அங்கிளின் விரல் தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான். தலை திரும்பவில்லை. மூன்றாம் சரணத்தில் ஜோவானா கண்ணைத் தூக்கினாள்; பார்வை வரிசை வரிசையாகத் தேடி, அவரிடம் வந்து நின்றது. அவர் அங்கேயே இருந்தார்.

பூசை முடிந்து கீழே ஹாலில் டோனட்டும் காபியும். சீனி ஒட்டிய வாயோடு ஜோவானா, "யூ டிடின்ட் மிஸ் இட்," என்றாள். இதையும் தகவல் மாதிரித்தான் சொன்னாள்.

இதுவரை தான் எழுதியதைக் கோயிலின் ஈஸ்டர் மலரில் போடலாமா என்று கேட்டு, காலேப் போன வாரம் அதே ஹாலில் அங்கிளிடம் நீட்டினான். அவர் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். முதல் பத்திக்குச் சிரித்தார். காபியைக் கீழே வைத்தார்.

"'காலேப் ஸ்கோரையே பார்த்துக்கொண்டிருந்தான்'னு போட்டிருக்க."

"ஆமா அங்கிள்."

"முதல் பாதியில ஒரு கோல் கூட விழலயேடா."

காலேப் டோனட் பெட்டியைத் தேடுவதுபோல் திரும்பினான். அன்றைக்கு அவனிடம் கொடுத்து வைத்திருந்த அதே போனை அங்கிள் எடுத்து அவன் முன்னால் பிடித்தார். திரையில் வீடியோவாக ஜோவானா, மைக்கை இறக்குவதிலிருந்து கடைசி வரி வரை, ஆடாமல் அசையாமல்.

"நடுவுல 'கோல்'னு உன் குசுகுசு கேக்குது, அத விடு," என்றார். "கடைசியில யாரோ மூக்க உறிஞ்சுறாங்க பாரு. அது என் மூக்கு இல்ல."