சட்டைக்கு எண்ணெய்க் குளியல்

இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சித்தப்பாவின் பட்டாளத்துத் தோல் சட்டையை நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது.

சண்டை முடிந்து அவர் தென்காசிக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் அந்தச் சட்டைதான் மேலாக இருந்தது. தோலின் வழவழப்பு உள்ளேயும் சொரசொரப்பு வெளியேயுமாகத் தைத்திருந்தார்கள்.

"தையக்காரன் தூங்கிக்கிட்டே தச்சிருப்பான் போல. உள்ள இருக்கவேண்டியத வெளிய வச்சிட்டானே" என்றாள் அம்மா. தோல் சாமான் வீட்டுக்குள் கூடாதென்று தொழுவத்துக் கொடியில் அதைப் போட்டுவிட்டாள்.

சட்டையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சித்தப்பா எனக்குக் கொடுத்தார். தேங்காய் நாரால் ஒரே பக்கமாகத் தேய்த்துத் தூசி தட்ட வேண்டும். தண்ணீரே படக்கூடாது. தப்பித்தவறி நனைந்தால் நிழலில்தான் காய வேண்டும்; வெயிலில் போட்டால் அப்பளமாக விறைத்துவிடும்.

அந்த ஆனியில் சாரல் விடாமல் அடித்தது. புதன்கிழமை ஆலங்குளத்தில் சித்தப்பாவுக்குப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பெரிய இடம். அடுத்த வாரம் ஆடி பிறந்துவிட்டால் பெண் பார்க்க முடியாது. அப்பா அங்கே போய்ச் சட்டையைப் பற்றி வாய் கிழிய அளந்துவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று அவர்களும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன், சட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூசணம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களின் தோல் எப்படி மின்னும்! இதுவும் தோல்தானே. ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை. ஆம்பிளைச் சட்டைக்கு நாளும் பொருந்தியே வந்தது.

நல்லெண்ணெயைச் சுட வைத்து, முதுகில் ஆரம்பித்துக் கக்கம் வரை தேய்த்து ஊறவைத்தேன். சீயக்காய் போட்டு வெந்நீர்விட்டு அலசினேன். தூக்கிப் பார்த்தால் நனைந்த எருமைக்கன்று மாதிரி கறுத்துத் தொங்கியது.

சித்தப்பா வந்தார். சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, வெந்நியா பச்சத்தண்ணியா?"

"வெந்நி" என்றேன்.

"சரி விடு. நிழல்ல காயட்டும்."

புதன்கிழமையும் அது காயவில்லை.

"வேற சட்டயப் போட்டுட்டு வாலே" என்று அப்பா குதித்தார்.

"எப்படி அண்ணே? நீங்கதான அந்தச் சட்டயப் பத்திச் சொல்லிட்டு வந்திய. அது இல்லாமப் போனா நீங்க சொன்னதயில்லா பொய்யும்பாங்க?"

ஆடி பிறக்க இன்னும் ஆறு நாள் இருக்கிறதென்று அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பயணம் ஐந்து நாள் தள்ளிப்போனது. என்னால் காரியம் கெட்டுவிடக்கூடாதே என்று ஆய்க்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். அந்தக் கோயிலுக்குச் சித்தப்பாதான் அடிக்கடி போவார். போய்விட்டு வரும்போதெல்லாம் எனக்கு மிட்டாய் வேறு.

ஒரு மத்தியானம் வைக்கோல் எடுக்கப் போனபோது பார்த்தேன். சித்தப்பா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, மாட்டுத் தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு சட்டையின் மேல் நிதானமாக ஊற்றினார். குளித்த தோலுக்குப் பக்குவமே வேறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவர் ஆய்க்குடிக்குப் போயிருந்தார். சட்டை முக்கால்வாசி காய்ந்திருந்தது. பக்குவம் தவறிவிடக்கூடாதே என்று நான் இரண்டு செம்பு ஊற்றிவைத்தேன்.

ஐந்தாம் நாளும் சட்டை காயாமலே ஆடி பிறந்தது. ஆலங்குளத்துக்காரர்கள் அலுத்துப்போய் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்கள். ஆவணியில் சித்தப்பாவுக்கு ஆய்க்குடிப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. கோயிலில் பார்த்துப் பழகிய பெண்ணாம். எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு புதுச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

"என்னட்டி அழுத?" என்று சித்தி கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"என்னாலதான் எங்க சித்தப்பாவுக்கு ஆலங்குளத்துப் பொண்ணு கெடைக்காமப் போச்சு" என்றேன்.

மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு அப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.